முதல் சொல் சான்றிதழ்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு முதல் கவுன்ட்டர் திறந்தது. லிஃப்ட் மெக்கானிக் படிவத்தை உள்ளே நீட்டினார். குமாஸ்தா மேலிருந்து படித்துக்கொண்டே வந்து ஏழாவது வரியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே வரியை மறுபடி படித்தார்.

ஏழாவது வரியில் ஒரு கேள்வி இருந்தது. குழந்தை இதற்கு முன் பேசியுள்ளதா? அதற்கு நேரே மெக்கானிக் எழுதியிருந்தார்: ஆமாம், நிறைய.

"என்ன சார் இப்படி எழுதிட்டீங்க?"

"பேசுது சார். அதான் எழுதினேன்."

"எல்லார் வீட்டுப் பிள்ளையும்தான் பேசுது. அதுக்காக எழுதுவாங்களா? 'இல்லை'ன்னு எழுதுவாங்க. பிள்ளையைக் கூட்டிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்ல வைப்பாங்க. சான்றிதழை வாங்கிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

"அது பொய் இல்லையா சார்?"

"பொய் இல்ல. நடைமுறை."

மெக்கானிக் வேறு படிவம் கேட்டார். அதற்கு வழியில்லை என்று குமாஸ்தா வருத்தத்தோடு சொன்னார். ஒரு மனிதருக்கு ஒரு முதல் சொல்தான். ஆகவே ஒரு படிவம்தான்.

அது மொழித் தோற்ற ஆணையத்தின் தலைமையகம். மனிதன் எப்போது, எப்படி, எதற்காகப் பேசத் தொடங்கினான் என்று கண்டுபிடிப்பதற்காக நாற்பது வருடங்களுக்கு முன்பு அதை ஏற்படுத்தியிருந்தார்கள். ஒரு காலத்தில் மனிதன் பேசவில்லை என்பதையும், பிற்காலத்தில் பேசினான் என்பதையும் ஆணையம் இதுவரை உறுதி செய்திருந்தது. நடுவில் நடந்தது ஆய்வில் இருந்தது. மனித இனத்தின் முதல் சொல் அகப்படாததால், ஒவ்வொரு குழந்தையின் முதல் சொல்லையாவது கையும் களவுமாகப் பிடித்துப் பதிந்துவைப்பது என்று சில வருடங்களுக்கு முன் முடிவெடுத்தார்கள். குழந்தை முதன்முதலாக வாய் திறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்டுப் பதிவார்.

மெக்கானிக் அன்றைக்கே தகவல் கொடுத்தவர்தான். அதிகாரி ஏழு மாதம் கழித்து வந்தார். அதற்குள் குழந்தை அவரை உட்காரச் சொல்லி, ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைக் காட்டி, உங்கள் வீட்டில் பாப்பா இருக்கிறதா என்று விசாரிக்கிற நிலைக்கு வந்திருந்தது. 'குழந்தை பேசிக்கொண்டிருக்கிறது. முதல் சொல் கேட்கக் கிடைக்கவில்லை' என்று அவர் அறிக்கை எழுதிக்கொண்டு போனார். அந்த அறிக்கை எங்கே என்று மெக்கானிக் கேட்டார். இரண்டாவது மாடியில் பத்திரமாக இருக்கிறது என்றார் குமாஸ்தா. இரண்டாவது மாடிக்குப் போனது எதுவும் கீழே வருவதில்லை.

குழந்தைக்கு இப்போது மூன்றரை வயது. தெருவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். தலைமையாசிரியை அரைமணி நேரம் அவளோடு பேசிச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளியில் இடம் உண்டு என்று சொல்லியிருந்தார். முதல் சொல் சான்றிதழ் மட்டும் வேண்டும். அவள் பேசுவது தெரிகிறது, பேசத் தொடங்கியதற்குத்தான் ஆதாரம் இல்லை. அடுத்த புதன்கிழமை மாலைக்குள் கொண்டுவராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்த வட்டாரத்தில் பள்ளி அது ஒன்றுதான். அதை விட்டால் மூன்று பஸ் மாற வேண்டும்.

"சரி, முதல் சொல் என்ன? அதையாவது சொல்லுங்க" என்றார் குமாஸ்தா.

முதல் சொல் 'போதும்'. சமையலறையில், மசித்த உருளைக்கிழங்கின் மூன்றாவது ஸ்பூனில் சொன்னது. மெக்கானிக்கின் மனைவி ஒரு தொலைபேசி நிறுவனத்தில் நாளெல்லாம் புகார் கேட்கிறவள். யார் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்கு மறக்காது.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். சொல்வதற்கு முன்னால் கையை ஆட்டியதா என்று கேட்டார். ஆட்டியது. ஸ்பூனைத் தட்டிவிட்டது. குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். அப்படியானால் இது சைகைப் பிரிவு. முதல் மாடி.

சைகைப் பிரிவில் எல்லாவற்றையும் கேட்டார்கள். மனிதன் முதலில் கையால்தான் பேசினான் என்பது அவர்கள் கட்சி. ஸ்பூனைத் தட்டியதே முதல் சொல், பிறகு வந்த 'போதும்' வெறும் மொழிபெயர்ப்பு என்றார்கள். எதிர் அறையில் முனகல் பிரிவு. வலியிலும் சலிப்பிலும் தானாக வருகிற ஒலிதான் மொழி ஆயிற்று என்பது அவர்கள் கட்சி. தட்டுவதற்கு முன்னால் ஒரு சிணுங்கல் இருந்திருக்குமே என்றார்கள். இருந்தது என்று மெக்கானிக் ஒப்புக்கொண்டார். விலங்கொலிப் பிரிவு மட்டும் கோப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டது. போதும் என்று சொல்கிற எந்த விலங்கும் அவர்கள் பட்டியலில் இல்லை. ஸ்பூனில் இருந்த உருளைக்கிழங்கு எங்கே போய் விழுந்தது என்று கடைசியாக ஒருவர் கேட்டார். சுவரில் என்றார் மெக்கானிக். குழந்தை அதைக் கையால் தேய்த்துவிட்டுத்தான் 'போதும்' என்றது என்றும் சேர்த்துச் சொன்னார். உண்மையைச் சொல்கிற பழக்கம் அவரை இன்னும் விட்டபாடில்லை.

பிறகு ஒருவர் மூன்றாவது மாடியை நோக்கி விரலைக் காட்டினார்.

மூன்றாவது மாடியில் எழுத்துத் தோற்றப் பிரிவு. அதன் தலைவியான அம்மையார் கொள்கையாகவே பேசுவதில்லை. எதையும் சிறு சீட்டில் எழுதி நீட்டுவார். மெக்கானிக் கதை முழுவதையும் சொல்லி முடித்ததும் ஒரு சீட்டு வந்தது. 'நீங்கள் இப்போது பேசினீர்கள் என்பதற்கு என்ன சான்று?' மெக்கானிக் கதையை மறுபடி எழுதிக் கொடுத்தார். அம்மையார் படித்து, சுவர் என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார். அடுத்த சீட்டு வந்தது. 'சொல்லுக்கு முன்பே குழந்தை சுவரில் எழுதியிருக்கிறது. பேச்சுக்கு முன் எழுத்து. நான் இருபது வருடமாகச் சொல்வது இதுதான். சொல்வது அல்ல, எழுதுவது.' மூன்றாவது சீட்டில் சுவரைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருந்தார்.

முடியாது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை, ஆணையத்திலிருந்து நான்கு பேர் வீட்டுக்கே வந்தார்கள். சமையலறைச் சுவருக்குப் போன வருடம் வெளிர் பச்சை அடித்திருந்தது. அதைச் சுரண்டினார்கள். கீழே பழைய மஞ்சள் வந்தது. அதையும் சுரண்டினார்கள். ரேடியோ ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உங்கள் வீட்டுச் சுவரையும் இப்படித்தான் செய்வீர்களா, அம்மா அடிக்க மாட்டார்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். குழந்தையோடு பேசக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. பெரியவர்களின் சொல் காதில் விழுந்தால் குழந்தையின் மொழியில் கலப்படம் ஆகிவிடும். அவர்கள் கையை மட்டும் ஆட்டினார்கள்.

மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்னதான் தேடறாங்க?"

"உருளைக்கிழங்கு."

"கடையில கிடைக்குதே."

செங்கல் தெரியும்வரை சுரண்டியும் எதுவும் கிடைக்கவில்லை. தடயமே இல்லாத அளவுக்குப் பழமையானது என்று குறித்துக்கொண்டு, சுவரின் குறுக்கே நாடா ஒட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அடுப்பு நாடாவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து சமையல் பால்கனியில்.

வியாழக்கிழமை மெக்கானிக், சுவர் முத்திரையிடப்பட்டதற்கான ரசீதை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போனார். இரண்டாவது மாடிப் படியேறும்போது யாரோ சுவருக்குள்ளிருந்து கத்துவது கேட்டது. லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுபோயிருந்தது. உள்ளே இணை இயக்குநர். கதவுக்கு முன்னால் முனகல் பிரிவைச் சேர்ந்த ஐந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் ஒலிப்பதிவுக் கருவி. மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், இப்போது வெறும் சத்தம்தான் வருகிறது என்று ஒருவர் தணிந்த குரலில் விளக்கினார். இன்னும் இருபது நிமிடம் பொறுத்தால் மொழிக்கு முந்தைய நிலை வந்துவிடும். இந்த மாதிரி வாய்ப்பு பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் அமையும்.

மெக்கானிக்குக் கை பரபரத்தது. பத்தொன்பது வருடத் தொழில். மொட்டை மாடிக்கு ஏறி, இயந்திர அறையைத் திறந்து, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். வந்து சட்டைப் பையிலிருந்த சாவியால் கதவைத் திறந்தார். ஐந்து பேரும் அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

இணை இயக்குநர் வியர்த்து வழிய வெளியே வந்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

"எத்தனை நிமிஷம் பதிவாயிருக்கு?" என்று கருவிக்காரரைக் கேட்டார்.

"முப்பத்தெட்டு சார்."

"கடைசியில நல்லா வந்துதா?"

"வந்துட்டிருந்துது சார். இவர் அவசரப்பட்டுட்டார்."

இருந்தாலும் இணை இயக்குநர் நன்றி மறக்காதவர். மெக்கானிக்கைத் தன் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். தண்ணீர் குடித்தார். மெக்கானிக் ரசீதை நீட்டி, புதன்கிழமைக்குள் சான்றிதழ் வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போய்விடும் என்றார். எந்தப் பிரிவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரக் கூடாதா என்று கேட்டார்.

இணை இயக்குநர் சிரித்தார்.

"நாங்க ஆரம்பிச்சப்ப பதினேழு பேர். ஒரே அறையில உட்கார்ந்து பேசினோம். ஒத்துப்போகல. அதனால பிரிவு பிரிவா பிரிஞ்சோம். இப்ப ஒரு பிரிவு பேசறது இன்னொரு பிரிவுக்குப் புரியாது. வெளியில இதைக் குறையா சொல்றாங்க. நான் அப்படிப் பார்க்கல. பேச்சு வர்றதுக்கு முன்னாடி மனுஷன் எந்த நிலைமையில இருந்தானோ, அந்த நிலைமைக்கு முழுசாப் போய்ச் சேர்ந்த அலுவலகம் நம்ம ஒண்ணுதான். இதுக்கு நாற்பது வருஷ உழைப்பு தேவைப்பட்டுது."

மெக்கானிக் தலையாட்டினார்.

பிறகு இணை இயக்குநர் இழுப்பறையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். பதினான்காம் விதியில் ஒரு வழி இருந்தது. அதற்கு 'மறு முதல் சொல்' என்று பெயர். ஐந்து நாள் குழந்தையின் முன்னால் யாரும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. அதோடு குழந்தையின் பழைய பேச்சு காலாவதி ஆகிவிட்டதாகக் கொள்ளப்படும். ஆறாம் நாள் உயர்மட்டக் குழுவின் முன்னால் அவள் சொல்லும் முதல் சொல்லே முதல் சொல். எண்ணிப் பார்த்தார்கள். வெள்ளி முதல் செவ்வாய் வரை ஐந்து நாள். புதன் காலை பத்து மணிக்குக் குழு. மெக்கானிக் எழுந்து கும்பிட்டார்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. பேசாமல் இருந்துதான் பேசுவதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று கேட்டாள். ஐந்தே நாள் என்றார் அவர். அவள் வேலைக்கு விடுப்புச் சொன்னாள்.

கண்காணிப்பாளராகக் கவுன்ட்டர் குமாஸ்தாவையே அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு வந்து, சைகையால் வணக்கம் சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரேடியோவுக்குக் கொண்டாட்டம். புதிய விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். அப்பா பேசாததால் அப்பா பேச வேண்டியதையும் அவளே பேசினாள். 'பாப்பா, சட்டையை அழுக்காக்காதே' என்று கட்டைக் குரலில் சொல்லி, 'சரிப்பா' என்று தன் குரலில் பதிலும் சொன்னாள். அம்மாவுக்காக அம்மா குரலில் பல்லைத் தேய்க்கச் சொன்னாள். குமாஸ்தாவுக்கும் ஒரு குரல் கண்டுபிடித்தாள். அந்தக் குரலில் அவர் பசிக்கிறது, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குமாஸ்தா நோட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். சனிக்கிழமையும் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கும் பேசி அவளுக்குக் களைத்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் குமாஸ்தா நின்றார். பிறகு அம்மா. பிறகு அப்பா. கடைசியில் அவளுடையதும் நின்றது. தண்ணீர் வேண்டும் என்றால் கட்டைவிரலை வாயில் வைத்துக் காட்டினாள். ஜன்னலில் பூனை வந்தபோது அம்மாவின் முந்தானையை இழுத்து விரலை நீட்டினாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வாசற்படியில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். வாய் அகலத் திறந்தது. அழுகை மட்டும் வந்தது, சொல் எதுவும் வரவில்லை. மெக்கானிக் ஓடிப்போய்த் தூக்கினார். குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

"வலிக்குதாம்மா?" என்று மெக்கானிக் அவள் காதில் கேட்டார்.

அவள் ஈரமான விரலை அவர் உதட்டின் மேல் வைத்தாள்.

அன்று குமாஸ்தா கிளம்பியதும் மனைவி விதியைத் தூக்கி எறிந்தாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு, புகார் சொல்ல அழைக்கிறவர்களின் குரல்களை ஒவ்வொன்றாகப் பேசிக் காட்டினாள். மகள் வழக்கமாக உருண்டு சிரிக்கிற கோபக்கார மாமா குரலையும் எடுத்தாள். ரேடியோ ஆர்வமாகக் கேட்டாள். முடிந்ததும் அம்மாவின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமையும் பேசவில்லை.

"ஏங்க, ஸ்கூல் எங்கேயும் ஓடிப்போயிடாது. மூணு பஸ்ஸுன்னா மூணு பஸ்ஸு" என்றாள் மனைவி. "எனக்கு அவ பேசணும்."

படிவத்தில் ஒரே ஒரு பொய்யை எழுதியிருந்தால் போதுமே என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டிருந்தார். சான்றிதழ் ஆசை அவரை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் புதன்கிழமை காலை மகளுக்குத் தலைவாரி, ஆணையத்துக்கு அழைத்துப்போனார்கள். பேச்சு வராத பிள்ளையை வேறு எங்கே அழைத்துப்போவது? பேச்சுக்கென்று ஊரில் இருந்த அலுவலகம் அது ஒன்றுதான்.

குழு அறையில் நீள மேசை. நடுவில் இயக்குநர். இடப்பக்கம் இணை இயக்குநர், வலப்பக்கம் எழுத்துப் பிரிவு அம்மையார். சுவரோரமாக மற்றப் பிரிவுகள். மேசையோரம் சான்றிதழும் முத்திரையுமாகக் குமாஸ்தா. குழந்தை உள்ளே வந்ததும் எல்லார் வாயும் மூடிக்கொண்டன. விதி விதிதான்.

மெக்கானிக் அவளை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொண்டார். மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் மேசையை இரண்டு தடவை தட்டினார். கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கையை விரித்து, விரல்களைக் குவித்துக் கோப்பைக் கேட்டார். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். இயக்குநர் தலையை ஆட்டி மறுத்து, விரல்களை இன்னும் அகலமாக விரித்தார். பிஸ்கட் வந்தது. அம்மையார் ஒரு சீட்டு எழுதி நீட்டினார். இயக்குநர் மூக்குக் கண்ணாடியை மறந்து வந்திருந்ததால் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தார். முனகல் பிரிவுக்காரர் சன்னமாக 'ம்' என்றார். சைகைப் பிரிவுக்காரர் அதை ஆட்சேபித்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். இணை இயக்குநர் எழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு, கூரையைக் காட்டி, தரையைக் காட்டி, உட்கார்ந்தார். அது அவருடைய தொடக்க உரை. சிலர் ஓசை வராமல் கைதட்டினார்கள்.

ரேடியோ ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்த்தவர்களை மறுபடியும் பார்த்தாள். பெரியவர்கள் கையை ஆட்டுவதையும், அது யாருக்கும் புரியாமல் போவதையும், அவர்கள் மறுபடி ஆட்டுவதையும் பார்க்கப் பார்க்க அவள் புருவம் சுருங்கியது. இணை இயக்குநர் பிஸ்கட் தட்டைக் காட்டி அவளை நோக்கிக் கையை நீட்டியபோது, அவள் நாற்காலியில் முழங்காலிட்டுத் திரும்பி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள்.

மேசையில் மூன்று பேனாக்களும் ஒன்றாக இறங்கின. முனகல் பிரிவு மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டது. பத்து மணி நாற்பத்தொரு நிமிடம். குமாஸ்தா யாரும் சொல்வதற்கு முன்பே முத்திரையை மையில் தோய்த்துச் சான்றிதழின் மேல் அழுத்திவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்திருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறை முழுவதும் தலைகள் ஆடின, விரல்கள் உயர்ந்தன, கைகள் ஓசையில்லாமல் தட்டின.

ரேடியோ இன்னும் முடிக்கவில்லை. அப்பாவின் காதருகே சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், பாவப்பட்டுக் கேட்டாள்:

"இவங்களுக்கெல்லாம் எப்பப்பா பேச்சு வரும்?"